சட்ராஸ் அட்வான்ஸ்!

ஆரணியில் எங்கள் அப்பா பட்டுத் தறியில் உட்கார்ந்து நாற்பது வருஷமாகிறது. அதில் கடலைப் பார்த்தது மூன்றே தடவை. மூன்றும் மெரினா. மூன்றும் ஏதாவது ஒரு தலைவரின் சமாதிக்காக!

போன மாசம் ஒரு பாவு முடிந்து, அடுத்த பாவு ஏற்ற இரண்டு நாள் இடைவெளி கிடைத்தது. நண்பனின் ஆம்னி வேனும் கிடைத்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் டு பாண்டி என்று திட்டம். (பாண்டி எதுக்குடா என்று அப்பா கேட்கவில்லை. பெருந்தன்மை!)

மாமல்லபுரத்தில் ஞாயிற்றுக்கிழமை. அந்த உருண்டைப் பாறையைத் தள்ளுகிற மாதிரி போட்டோ எடுக்கவே க்யூ. அப்பா பத்து நிமிஷம் பொறுத்தார்.

"இந்தக் கூட்டத்தை ஆடி வெள்ளிக்குப் படவேட்டுலயே பார்க்கறோம். வேற இடம் போலாம்."

தெற்கே கால் மணி நேரம் போனால் சதுரங்கப்பட்டினம். வெள்ளைக்காரன் நாக்கில் நுழையாமல் சட்ராஸ் ஆன ஊர். பக்கத்திலேயே கல்பாக்கம் அணுமின் நிலையம். அங்கே ராத்திரி பகலாக மின்சாரம் தயாராகிறது. இங்கே ஊரே மத்தியானத் தூக்கத்தில் இருக்கிறது. எங்கள் ஊர் கமண்டல நாகநதி செய்யாற்றில் கலந்து, செய்யாறு பாலாற்றில் கலந்து, கொஞ்சம் தெற்கே வயலூர் பக்கம்தான் கடலைத் தொடுகிறது. தண்ணீர் வருகிற வருஷத்தில்!

டச்சுக்காரர்கள் 17-ஆம் நூற்றாண்டில் இங்கே கடை விரித்தார்கள். கோட்டை வாசலில் பீரங்கிகள், உள்ளே கிடங்குகள், பூட்டிய கல்லறைத் தோட்டம். காவலாளி திறந்து விட்டார். கல்லில் செதுக்கிய பூவேலையை அப்பா தடவிப் பார்த்தார். "பார்டர் நல்லா வந்திருக்கு" என்றார். தொழில் புத்தி!

டச்சுக்காரன் வந்ததும் துணிக்காகத்தான். இந்த ஊர் மஸ்லின் அப்போது கப்பலேறியது. 1781-ல் இங்கிலீஷ்காரன் பிடுங்கினான். நடுவில் திருப்பிக் கொடுத்து, 1824 ஒப்பந்தத்தில் மொத்தமாக வாங்கிக்கொண்டான். கொடி மாறியதே தவிர, இந்தக் கரையில் கம்பெனிகள் துணி வாங்கிய முறை ஒன்றுதான். கம்பெனி வியாபாரிக்கு முன்பணம் தரும். வியாபாரி நெசவாளிக்குத் தருவார். நெசவாளி நெய்து கழிக்க வேண்டும்.

"அப்பவேவா?" என்றார் அப்பா.

அவருக்குப் பட்டு, ஜரிகை எல்லாம் முதலாளி கொடுப்பார். புடவைக்கு இவ்வளவு என்று கூலி. அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய அட்வான்ஸ் இன்னும் கழிந்துகொண்டிருக்கிறது. அக்கா பையன் பத்தாவது படிக்கிறான்! பி.காம்.மில் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்: கொடுத்த முன்பணம் ஐந்தொகையில் சொத்துப் பக்கம் வரும் என்று. அந்தச் சொத்து எங்கள் வீட்டில் பனியன் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என்று எந்த வாத்தியாரும் சொல்லவில்லை.

கோட்டைக்குப் பின்னால் கடற்கரை. படகு நிழலில் ஒருவர் வலை பின்னிக்கொண்டிருந்தார். அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்து, மணலில் காலை நீட்டினார். குழித்தறிக்காரர் காலை நீட்டி உட்கார்ந்து நான் பார்த்ததே குறைவு.

"முடிச்சு நல்லா இறுக்கமா விழுதே! படகு சொந்தமாப்பா?"

"சொந்தம்தான் பெரியவரே. ஆனா மீனை ஏலக்காரருக்குத்தான் போடணும். அட்வான்ஸ் வாங்கியிருக்கேன்."

அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே! தொலைந்துபோன பங்காளியைக் கண்ட மாதிரி ஆகிவிட்டது.

"எவ்ளோ?"

அவர் சொன்னார். அப்பாவும் தன் தொகையைச் சொன்னார். அது நான் நினைத்திருந்ததைப் போல இரண்டு மடங்கு. வீட்டில் யாருக்கும் அந்தக் கணக்கு தெரியாது. முன்பின் தெரியாதவரிடம் அப்பா எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்! இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாண்டி கேன்சல். வெயில் இறங்குகிறவரை அங்கேயே இருந்தோம். கிளம்பும்போது அவர் நாலு சங்கரா மீனைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். காசு வேண்டாம் என்று பிடிவாதம். அப்பா விடுவாரா? அவர் சட்டைப் பையில் நூறு ரூபாயைச் செருகினார்.

"அட்வான்ஸா வச்சுக்கப்பா. அடுத்த பாவு முடிஞ்சதும் வந்து, மீனா கழிச்சுக்கறேன்!"