வாய்மையும் வாயடக்கமும்

பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் வேலை தேடும் இளைஞர்கள் என்னை வினவுவதுண்டு: "நேர்காணலில் எல்லாவற்றையும் ஒளிக்காமல் கூறிவிட வேண்டுமா, ஐயா?"

கல்லாத மாண்டரின் மொழியைக் கற்றதாக எழுதுவது பொய். வேலையில் அமர்ந்த அன்றே சாயம் வெளுத்துவிடும். ஆனால், திருமண எண்ணத்தையும் குடும்பக் கடனையும் கூறாதிருப்பது பொய்யாகாது. அவை வேலைக்குப் புறம்பானவை.

வாய்மை வேலை கேட்பவருக்கு மட்டும் உரிய கடமையன்று. கங்காணிகளின் ஆசைமொழிகளை நம்பிக் கப்பலேறிய நம் முன்னோர் பலர், தோட்டங்களில் கண்டது வேறு வாழ்வு. 1938இல் இந்திய அரசு தடைவிதித்த பின்னரே அவ்வாள்சேர்ப்பு ஓய்ந்தது.

இன்றோ, ஒரு மாதத்திற்கு மேற்பட்ட வேலை ஒப்பந்தம் எழுத்தில் இருத்தல் வேண்டும் என்கிறது, 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம். மெய்யுரைத்தவரே, "நீங்கள் கூறியதை எழுதித் தாருங்கள்" என நிமிர்ந்து கேட்கவியலும்.