வானத்திலும் முதற்காலம்

"பதறாத காரியம் சிதறாது" என்பர் நம் பெரியோர். ஆயினும் பத்தாம் வகுப்பில் அடியெடுத்து வைத்த நாள் முதல் எங்கள் காதில் விழுவது, "சீக்கிரம், சீக்கிரம்!" என்னும் சொல்தான். விரைந்து எழுதுபவள் கெட்டிக்காரி, நிதானமாய் எழுதுபவள் மந்தம் என்றே ஊரார் அளக்கின்றனர். இவ்வளவுகோல் சரிதானா என்று எங்களைச் சிந்திக்க வைத்தது ஒரு விமானம். அதுவும் மேசைமேல் பறந்த விமானம்!

எங்கள் தோழி ஒருத்தியின் அண்ணன் பொறியியல் படிப்பவர். கோடை விடுமுறைக்கு லால்குடி வந்திருந்த அவர், தமது பழைய மடிக்கணினியில் எக்ஸ்-பிளேன் என்னும் சிமுலேட்டரை எங்களுக்குக் காட்டினார். தரையில் அமர்ந்தபடியே விமானம் ஓட்டப் பழகும் ஏற்பாடே சிமுலேட்டர். 1929-ஆம் ஆண்டில் அமெரிக்கரான எட்வின் லிங்க் இத்தகைய பயிற்சிப் பெட்டியை உருவாக்கினார். ஆர்கன் செய்யும் தம் குடும்பத் தொழிற்சாலையில் கற்ற காற்றுத் துருத்தி வித்தையே அவருக்குக் கைகொடுத்ததாம்!

நாங்கள் ஓட்டியது நான்கு பேர் அமரும் செஸ்னா 172 விமானம். அது ஏனோ ஆமைபோல் நகர்ந்தது. விமானக் கடிகாரத்தில் ஒரு நிமிடம் ஆவதற்குள் சுவர்க் கடிகாரத்தில் இரண்டு நிமிடம் ஓடிவிட்டது. காரணம் கேட்டோம். இறக்கைமேல் காற்று தரும் விசையைக் கணினி நொடிக்கு நொடி கணக்கிட வேண்டும். ஒரு வினாடியில் சுமார் 20 படங்களாவது காட்ட இயலாதபோது, கணக்கின் இடைவெளி பெரிதாகி விடை பிழைபடும். ஆகவே இந்த மென்பொருள் காலத்தையே மெதுவாக்கிக் கொள்கிறது. தாமதமானாலும் தப்பான விடை தருவதில்லை. என்னே அதன் நேர்மை!

அந்த மெதுவான வானில் எங்களுக்கு எல்லாம் புலப்பட்டன. மூக்கைத் தூக்கினால் வேகம் குறைவதையும், விசையைக் குறைத்தால் விமானம் தாழ்வதையும் ஒவ்வொன்றாகக் கண்டோம். எங்களுள் முதலில் ஓடுபாதையில் சக்கரம் பதித்தவள் யார் தெரியுமா? எதற்கும் நிதானமாகவே கை தூக்கும் தோழிதான்!

இம்முறை நம் ஊருக்குப் புதிதன்று. லால்குடியின் பெயரைத் தம் வயலினால் உலகெங்கும் கொண்டுசென்ற லால்குடி ஜெயராமன் (1930-2013) வாழ்ந்த இசை மரபில், சரளி வரிசையை முதற்காலத்தில் பாடிப் பழகிய பிறகே இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று செல்வர். முதற்காலத்தில் சுருதி சேராதவருக்கு மூன்றாம் காலத்திலா சேரும்?

ஆனால் முதற்காலத்திலேயே நின்றுவிடலாமா? கூடாது. அண்ணன் மரங்களையும் மேகங்களையும் குறைத்ததும் கணினியின் பாரம் இறங்கி, காலம் சரியான வேகத்துக்கு வந்தது. இறங்கும்போது மணிக்குச் சுமார் 120 கிலோமீட்டர் வேகம்! அதே தோழிக்கும் ஐந்தாறு முயற்சிகள் தேவைப்பட்டன. அமெரிக்காவின் நாசா விமானிகள் இன்னும் ஒரு படி மேலே சென்றனர். இறக்கையில்லாச் சோதனை விமானங்களை ஓட்டிய அவர்கள், உண்மை வானில் எல்லாம் சிமுலேட்டரைவிட வேகமாய் நடப்பதாக உணர்ந்தனர். எனவே சிமுலேட்டரின் காலத்தைச் சுமார் 1.4 மடங்கு விரைவாக ஓட்டிப் பழகினர். இதுவே அவர்களது மூன்றாம் காலம்!

2024 அக்டோபர் 11 மாலையை நம் மாவட்டத்தார் மறக்கமாட்டார்கள். திருச்சியிலிருந்து சார்ஜாவுக்குச் சுமார் 140 பேருடன் புறப்பட்ட விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு நேர்ந்தது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் வானில் வட்டமிட்டு எரிபொருளைக் குறைத்த பின், விமானிகள் அதைப் பத்திரமாகத் தரையிறக்கினர். தொலைக்காட்சி முன் எத்தனை வீடுகளில் ஜெபமாலை உருண்டது! உண்மை வானில் காலத்தை மெதுவாக்கும் பொத்தான் கிடையாது. பயணிகள் விமானத்தை ஓட்டுவோர் ஆண்டுதோறும் சிமுலேட்டரில் அமர்ந்து, ஆபத்துகளை மீண்டும் மீண்டும் சந்தித்துப் பழக வேண்டும் என்னும் விதி இதற்காகவே உள்ளது.

அன்புத் தோழியரே! பொதுத் தேர்வு மண்டபத்திலும் கடிகாரம் நமக்காக நிற்காது. ஆகையால் ஜூன் மாதத்துக் கணக்கை முதற்காலத்தில் போடுவோம். மார்ச் மாதத்துக்குள் மூன்றாம் காலத்தை எட்டுவோம். பக்கத்தில் நிதானமாய் எழுதுபவளை மந்தம் என்னாதிருப்போம். அவள் தன் விமானத்தைச் சரியாக இறக்கப் பழகிக்கொண்டிருக்கிறாள்.