எழுபது வளைவுகள்

மே 18, தருவைகுளம்

ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரையில் நீடிக்கும் மீன்பிடித் தடைக்காலத்தில் எங்கள் ஊர் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லையாதலால், ஆண்டு முழுவதும் உப்புக்காற்றிலேயே உழலும் மனிதர்களுக்கு ஓய்வென்று ஒன்று வாய்க்குமானால் அது இந்த 61 நாட்களில்தான் வாய்க்க வேண்டும். அதிலும் பெரும்பகுதி படகுக்குச் சாயம் பூசுவதிலும் இஞ்சினைப் பிரித்துப் பூட்டுவதிலும் கழிந்துவிடும். என் மனைவியின் தம்பி ஆழ்கடல் படகொன்றில் தண்டல். லட்சத்தீவுக் கடல்வரை சென்று வலைவிரித்துத் திரும்பும் அவன், எஞ்சியுள்ள நாட்களில் குளிர்ந்த பிரதேசம் எதற்காவது குடும்பத்தோடு போய்வரலாமென்றான். தமிழாசிரியனாயிருந்த காலமெல்லாம் வல்வில் ஓரியின் கொல்லிமலையைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிவிட்டு, அதன் அடிவாரத்தைக்கூடக் கண்ணால் கண்டிராத நான், சற்றும் யோசியாமல் அம்மலையின் பெயரைச் சொன்னேன். மலைச்சாலையில் வண்டியோட்டிப் பழக்கமுண்டா என்று கேட்டதற்கு, "அதுவும் ரோடுதானே அத்தான்" என்று பதில் வந்தது.

மே 19, நாமக்கல்

மதுரை, திண்டுக்கல், கரூர் என்று அகன்ற சாலையிலேயே பகலெல்லாம் வந்து சேர்ந்தோம். குறித்து வைக்கத்தக்கது ஒன்றுமில்லை. சாயங்கால வெயிலில் நாமக்கல் கோட்டை நிற்கும் ஒற்றைப் பாறையைக் கண்ட மைத்துனனின் சிறுமகள், நாளைக்கு நம் வண்டி இதன்மேல்தான் ஏறுமா என்று கேட்டாள். இதைவிடப் பெரிதின்மேல் என்றான் தகப்பன், மிகுந்த உற்சாகத்தோடு.

மே 20, செம்மேடு, இரவு

காரவள்ளியில் சமவெளி முடிகிறது. செங்குத்தான சரிவில் நேராக ஏறுவது வாகனத்துக்கு அசாத்தியமாதலால், மலையின் விலாவைக் குறுக்கே வெட்டிச் சிறிது தூரம் சென்று, சடுதியில் திரும்பி, வந்த வழிக்கு நேர் மேலாகவே மீண்டும் சென்று, இவ்வாறு திரும்பித் திரும்பியே உயரத்தைச் சம்பாதிக்கும்படி சாலையை அமைத்திருக்கிறார்கள். அப்படித் திரும்பும் கொண்டை ஊசி வளைவுகள் இம்மலையில் 70. வளைவுதோறும் எண் எழுதிய பலகை நிற்கிறது. பிரயாணிக்கு ஆறுதலாயிருக்கட்டுமென்ற எண்ணத்தில் அவற்றை நாட்டியிருக்கலாம். ஆனால், பதினோராவது பலகையிலேயே வயிறு கலங்கிவிட்டவனுக்கு, இன்னும் 59 மிச்சமிருக்கின்றன என்னும் கணக்கு எவ்விதத்தில் ஆறுதலாகுமென்பது எனக்கு விளங்கவில்லை. என் மனைவி வளைவுக்கொரு மணியாக ஜெபமாலை உருட்டத் தொடங்கினாள். 53 மணிகளும் முடிந்த பின்னும் 17 வளைவுகள் பாக்கியிருந்தன.

வளைவின் சங்கடம் திரும்புவதோடு தீர்ந்துவிடுவதன்று. ஒரே உயரத்தை உட்புறம் குறைந்த தூரத்திலும் வெளிப்புறம் நீண்ட தூரத்திலும் கடக்கவேண்டியிருப்பதால், உட்புறத்தில் ஏற்றம் மிகவும் கடுமை. சாலையின் இடப்பக்கமாகச் செல்லும் நம் தேசத்தில், இடப்புறம் திரும்பும் வளைவிலெல்லாம் ஏறுகிறவன் அந்தக் கடுமையிலேயே அகப்பட்டுக்கொள்கிறான். இறங்கிவரும் பேருந்துக்கோ தன் நீளத்தைத் திருப்பிக்கொள்ளச் சாலையின் முழு அகலமும் வேண்டும். முப்பதைத் தாண்டிய ஒரு வளைவில் இவ்விரண்டு நியாயங்களும் நேருக்கு நேர் சந்தித்தன. ஆரன் சத்தம் காதில் விழுவதும் பேருந்தின் முகம் கண்ணாடி முழுவதையும் அடைப்பதும் ஒருசேர நிகழ்ந்தன. மைத்துனன் பிரேக்கை மிதித்தான்; இஞ்சின் அணைந்தது; மறுபடி கிளப்பிக் கிளட்சை விட்ட கணத்தில் வண்டி முன்னேறுவதற்குப் பதிலாகப் பின்னோக்கிச் சரிந்தது. பின்னாலிருந்தது இடுப்பளவுத் தடுப்புச் சுவர். அதற்கப்பால் மரங்களின் உச்சிகள் மாத்திரமே தெரிந்தன.

முத்துக்குளிப்பு நடந்த நாளில், கல்லில் காலூன்றி மூழ்குபவன் தன் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பானென்று எங்கள் கடற்கரையில் சொல்வார்கள். உடன்பிறந்தாள் தாலியறுக்க எவன் மனந்துணிவானென்பது அதன் தாத்பரியம். தூத்துக்குடிப் பக்கத்தில் 1961க்குப் பிறகு முத்துக்குளிப்பே நின்றுவிட்டதாயினும், அந்த நம்பிக்கையைப் பற்றிக்கொண்டுதான் நான் மைத்துனன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவன் அக்காளும் அதே வண்டியில் இருந்தது இந்த வாதத்தைச் சற்றே பலவீனப்படுத்திற்று.

பேருந்து நின்றது. நடத்துநர் இறங்கி வந்து, எங்கள் பின்சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டை கொடுத்துவிட்டு, "நீங்க ஏறுங்க, நாங்க பின்னால போறோம்" என்றார். அத்தனை பெரிய வாகனம், ஜனங்கள் நிறைந்த நிலையில், வந்த ஏற்றத்திலேயே பின்வாங்கி எங்களுக்கு வழிவிட்டது. கடந்து செல்கையில் ஓட்டுநரைப் பார்த்துக் கும்பிட்டேன். அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

இந்த நிகழ்ச்சியைப் படுக்கையில் கிடந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். கடலில் ஒரு படகுக்கு மற்றொன்று எதிர்ப்பட்டால் விலகுவதற்கு இடப்பஞ்சமில்லை. அங்கே எங்களவர் அஞ்சுவது காற்றுக்கும் நீரோட்டத்துக்குமேயன்றி எதிரே வரும் மனிதனுக்கன்று. மலைச்சாலையிலோ மலை தன்பாட்டில் அசையாமல் நிற்கிறது. நம் உயிர், முகமறியாத ஒருவன் அடுத்த வளைவுக்கு அப்பால் எவ்வளவு நிதானத்தோடு வருகிறானென்பதைப் பொறுத்திருக்கிறது. ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டுமென்பது மோட்டார் வாகன விதிகளிலே எழுதப்பட்டிருக்கிறது. ஏற்றத்தில் நின்றவன் மீண்டும் புறப்படுவது எத்தனை சிரமமென்பதை அறிந்தே அவ்வாறு விதித்திருக்கிறார்கள். நகரங்களில் எந்த விதியையும் பொருட்படுத்தாத நம்மவர், மேற்பார்வைக்கு ஒரு காவலரும் இல்லாத இவ்விடத்தில் அதை அனுஷ்டிப்பது, இருவருக்கும் பள்ளம் ஒன்றே என்பதனால்தான் போலும்.

மே 21, செம்மேடு

ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் இறங்கவேண்டுமென்று கேட்டதும் என் முழங்கால்கள் தீர்மானம் செய்துவிட்டன, மற்றவர்கள் போனார்கள். நான் ஓரியின் சிலையைப் பார்த்துவிட்டு, மிளகுக்கொடி ஏறிய மரங்களின் நிழலில் நடந்தேன். ஓரியைக் கொன்று இம்மலையைச் சேரனுக்குக் கொடுத்த மலையமான் திருமுடிக்காரி எந்த வழியாக ஏறினானோ! சாலையில்லாத காலத்து மனிதர்களில் என் மனத்தை விட்டகலாதவர் ஒரு மூதாட்டி. தொழுநோயாளரின் செயலிழந்த கைகளை அறுவைச் சிகிச்சையால் மீண்டும் இயங்கச் செய்து வேலூரில் புகழ்பெற்ற டாக்டர் பால் பிராண்ட் 1914ல் இம்மலையில் பிறந்தவர். மிஷனரியான தந்தை ஜெஸ்ஸி 1929ல் காய்ச்சல் கண்டு இங்கேயே மாண்டார். தாய் ஈவ்லினோ, ஓய்வுபெற வேண்டிய வயதில் மலைக்குத் திரும்பி வந்து, இடுப்பெலும்பு முறிந்த பின்னும் குதிரையேறி ஊர் ஊராகச் சென்று, 1974ல் மறையும்வரை மலைமக்களிடையே தொண்டு செய்தார். பேருந்தைக் கண்டு நடுங்கிய நான் அவரை நினைத்துச் சிறிது கூசினேன், சிறிதுதான்.

தேநீர்க் கடையில் ஒரு ஓட்டுநரிடம் இறங்கும் சூட்சுமத்தைக் கேட்டேன். "ஏறுன கியர்லயே இறங்கணும். பிரேக்கை நம்பாதீங்க, இஞ்சினை நம்புங்க" என்றார். இடைவிடாமல் மிதித்தால் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழந்துவிடுமாம்.

மே 22, காரவள்ளி

இரண்டாவது கியரிலேயே இறங்கினோம். இஞ்சின் முனகிக்கொண்டு வண்டியைப் பிடித்துவைத்தது. எதிரே ஏறி வந்தவர்களுக்கெல்லாம் மைத்துனன் முன்கூட்டியே ஒதுங்கி நின்றான். பாதி வழியில், வெளியூர்க் கார் ஒன்று சக்கரத்தில் புகைகிளம்ப ஓரங்கட்டியிருந்தது. மைத்துனன் இறங்கிப் போய், ஆறும்வரை காத்திருக்கச் சொல்லி, "பிரேக்கை நம்பாதீங்க, இஞ்சினை நம்புங்க" என்று அவர்களுக்குப் பரம்பரை மலைவாசியைப் போல உபதேசம் செய்ததை நான் மௌனமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடிவாரத்தில் பலாச்சுளை வாங்கித் தின்னும்போது, "அடுத்த தடைக்காலத்துக்கு வால்பாறை போவோமா அத்தான்? அங்க 40 வளைவுதானாம்" என்றான்.

"வேளாங்கண்ணிக்குப் போவோம்" என்றாள் அவன் அக்காள். "அங்க மேடே கிடையாது."