அந்தக் கோடுகள் யாருடையவை?

கண்ணை மயக்கும் ‘ஆப் ஆர்ட்’ ஓவியங்களின் வரலாற்றில் முதலில் வருகிற பெயர் விக்டர் வாசரேலி. ஹங்கேரியில் பிறந்து பிரான்சில் வாழ்ந்தவர். அந்தப் பாணியின் ‘தந்தை’ என்பார்கள். கலை இயக்கங்களுக்குத் தந்தைகள் உண்டு, தாயை யாரும் தேடுவதில்லை. பிரிட்ஜெட் ரைலியை நான் தேடிப் படித்தது அதனால்தான்.

1931இல் லண்டனில் பிறந்தவர். 1961இல் அவர் வரைந்த ‘சதுரங்களில் அசைவு’ என்ற ஓவியத்தில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டங்கள், வேறொன்றும் இல்லை. கட்டங்களின் உயரம் எங்கும் மாறாது. அகலம் மட்டும் குறைந்துகொண்டே போய், ஓரிடத்தில் மெல்லிய கோடாக ஒடுங்கி, மறுபடி விரிகிறது. பார்க்கும்போது தட்டையான பலகை உள்வாங்கி மடிகிறது. அந்த மடிப்பு பலகையில் இல்லை. பார்க்கிறவளின் கண்ணில் நிகழ்கிறது.

1965இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் இவ்வகை ஓவியங்களுக்குப் பெரிய கண்காட்சி நடத்தியது. ரைலியின் ‘கரன்ட்’ ஓவியம் அதன் நூலுக்கு அட்டைப்படமானது. அவர் அந்த ஊருக்குப் போனபோது, கடைக் கண்ணாடிகளுக்குப் பின்னால் அவருடைய கோடுகள் கவுன்களாகத் தொங்கின. யாரும் அவரிடம் கேட்கவில்லை. வழக்குத் தொடரப் பார்த்தார்; அன்றைய அமெரிக்கச் சட்டம் கைகொடுக்கவில்லை.

வாசரேலியும் நகலெடுக்கப்பட்டார்தானே என்று கேட்கலாம். தன் ஓவியங்கள் பல பிரதிகளாகி எல்லோர் வீட்டுக்கும் போக வேண்டும் என்று அவரே விரும்பினார். அது அவர் எடுத்த முடிவு. ரைலிக்கு முடிவெடுக்கும் வாய்ப்பே தரப்படவில்லை.

துணிகளுக்கு அச்சு டிசைன் போடுவது என் பிழைப்பு. என் டிசைனை உடுத்திய பெண்களைப் பேருந்தில் பார்க்கிறேன். வரைந்தது யார் என்று எந்த லேபிளும் சொல்வதில்லை. வேறொரு கம்பெனி அதையே எடுத்து நிறம் மாற்றி விற்றபோது, என் முதலாளி சிரித்துக்கொண்டே, “நல்லா இருந்தாத்தானேம்மா எடுப்பாங்க” என்றார். பாராட்டு மாதிரிதான் இருந்தது. கூலி கூடவில்லை. ரைலியின் கோபம் எனக்குப் புரிவதற்கு ஓவியக் கல்வி தேவைப்படவில்லை.

ஆனால் அவரை நம் அணியில் சேர்த்துக்கொள்வதும் எளிதல்ல. 1970களின் தொடக்கத்தில், பெண் விடுதலை என்ற பேச்சைக் கலைஞர்களிடம் கொண்டுவராதீர்கள் என்று காட்டமாகவே எழுதினார். முதலில் எனக்குக் கசந்தது. பிறகு யோசித்தேன்: ‘பெண் ஓவியர்’ என்ற சீட்டை ஒட்டித் தனி அலமாரியில் வைத்துவிடுவார்கள் என்று அவர் அஞ்சியிருக்கலாம். 1968இல் வெனிஸ் பியெனாலேயில் ஓவியத்துக்கான சர்வதேசப் பரிசு வாங்கினார். இன்றும் அதைக் குறிப்பிடுகிறவர்கள் ‘முதல் பெண்’ என்றே சொல்கிறார்கள்.

அவர் நம்மை ஏற்கவில்லை என்பதற்காக, அவருக்கு நேர்ந்ததைப் பேசாமல் விட முடியாது. உழைப்பின் மேல் பெயர் இருக்க வேண்டும், கேட்டுத்தான் எடுக்க வேண்டும். அவர் கேட்டது இதைத்தான். நானும் இதைத்தான் கேட்கிறேன்.