பிலடெல்பியாவில் மூன்று நாட்கள்

நம் சங்கத்து அன்பர்களுள், மகனோ மகளோ உடன்பிறந்தாரோ அமெரிக்காவில் இல்லாத குடும்பம் இன்று அரிது. விடுமுறையிலோ, பேரக் குழந்தை பிறக்கும் வேளையிலோ பலரும் அந்நாடு சென்று திரும்புகின்றனர். என்னென்ன கண்டீர்கள் என்று வினவினால், நயாகரா அருவியையும் நியூயார்க்கின் வானளாவும் மாளிகைகளையும் வியந்து கூறுவர். பிலடெல்பியா என்றால் மட்டும், "வழியில் இறங்கிப் பார்த்தோம்; ஒரு மணி இருந்தது; அதில் ஒரு விரிசல் இருந்தது" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். நியூயார்க்கிற்கும் வாஷிங்டனுக்கும் இடையில் அமைந்ததுதான் அந்நகரம் செய்த குற்றம் போலும்.

2023 அக்டோபரில், எழுபத்து நான்கு வயதான என் தாயாரை அழைத்துக்கொண்டு, டெலாவேர் ஆற்றின் அக்கரையில் வாழும் என் தம்பியின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருப்பவன் கடல் கடக்க வேண்டுமானால் முன் அனுமதி பெறவேண்டும். அந்தக் கோப்பு மேசை மேசையாக ஏறி இறங்கி வந்து சேர்ந்தபோது எனக்குக் கிட்டிய விடுப்பு பதினைந்து நாள். அதில் மூன்று நாட்களை அந்நகருக்கென்றே ஒதுக்கினேன். இனிச் செல்லவிருக்கும் அன்பர்களுக்குப் பயன்படும் என்று கருதி, கண்டதையும் எண்ணியதையும் இங்கு எழுதுகிறேன்.

முதற் செய்தி, கால்களைப் பற்றியது. பழைய நகரம் நடந்து காண்பதற்கென்றே அமைந்தது. 1682-இல் வில்லியம் பென் இந்நகரை நிறுவியபோது, தாமஸ் ஹோம் என்னும் நில அளவையாளர் சதுரங்கப் பலகை போலத் தெருக்களை வகுத்தார். வடக்குத் தெற்காகச் செல்லும் தெருக்களுக்கு ஆற்றங்கரையிலிருந்து எண்களே பெயர். கிழக்கு மேற்காகச் செல்வனவற்றுள் பல வால்நட், செஸ்நட், பைன் என்று மரங்களின் பெயர் தாங்கியவை. ஐந்நூறாம் எண் கொண்ட வீடுகள் ஐந்தாம் தெருவிற்கும் ஆறாம் தெருவிற்கும் இடையே இருக்கும். முகவரியைக் கண்டதுமே எத்தனை தெரு கடக்கவேண்டும் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். புதுதில்லியின் வட்டச் சாலைகளில் சுற்றிச் சுற்றிப் பழகிய எனக்கு இது பெரிய ஆறுதலாக இருந்தது. நல்ல காலணி அணிந்து செல்லுங்கள். முதியோர் உடன் வந்தால் ஒரு நாளைக்கு மூன்று இடங்களுக்கு மேல் திட்டமிடாதீர்கள். கோடையில் வெயிலும் புழுக்கமும் மிகுதி. ஏப்ரல், மே மாதங்களும் அக்டோபரும் ஏற்றவை.

முதல் நாள் காலையிலேயே காணவேண்டியது சுதந்திர மண்டபம். பென்சில்வேனியா குடியேற்றத்தின் சட்டமன்றத்திற்கென 1732-இல் கட்டத் தொடங்கிய செங்கற் கட்டடம் இது. 1776 ஜூலை 4-ஆம் நாள் சுதந்திரப் பிரகடனம் ஏற்கப்பட்டதும், 1787 செப்டம்பர் 17-ஆம் நாள் அரசமைப்புச் சட்டத்தில் கையொப்பங்கள் இடப்பட்டதும் இதன் ஒரே அறையில்தான். 1979-இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. குறித்த நேரத்திற்கான அனுமதிச் சீட்டை முன்னதாகவே பதிவு செய்துகொள்வது நலம். வாயிலில் பைகளைச் சோதிப்பதால், பெரிய பைகளைத் தவிர்க்கவும். குறித்த நேரத்திற்கு அரை மணி முன்பாகவே சென்றுவிடவும்.

அந்த அறையைக் காணும் எவரும் வாஷிங்டன் அமர்ந்த நாற்காலியை நோக்குவர். அதன் முதுகில் பாதிச் சூரியன் செதுக்கப்பட்டுள்ளது. அது உதிக்கும் சூரியனா மறையும் சூரியனா என்று கூட்டம் நடந்த நாளெல்லாம் ஐயுற்றிருந்த முதியவர் பிராங்க்ளின், கையொப்பம் இட்ட அன்று, உதிக்கும் சூரியனே என்று தெளிந்தாராம். வழிகாட்டி இதனைச் சொன்னபோது கூட்டத்தினர் மகிழ்ந்தனர். என் மனமோ வேறோர் இடத்தில் நின்றது. பச்சைத் துணி விரித்த அந்த மேசைகளில் கிடந்த இறகுப் பேனாக்களைக் கண்டதும், இத்தனை பெரிய ஆவணங்களைச் செப்பமாக எழுதிக் கொடுத்த எழுத்தர் யார் என்றே என் எண்ணம் ஓடிற்று.

அதற்கும் விடை உண்டு. பிரகடனத்தைத் தோலில் அழகுற எழுதியவர் திமொதி மாட்லாக் என்பர். ஜூலை 4-இல் ஏற்கப்பட்டதாயினும், அதனைச் செம்மையாக எழுதுமாறு ஆணை பிறந்தது ஜூலை 19-இல். பெரும்பாலோர் கையொப்பம் இட்டது ஆகஸ்ட் 2-இல். முடிவு எடுத்த நாள் ஒன்று, கோப்பு நிறைவுற்ற நாள் மற்றொன்று என்பது எல்லா நாட்டு அலுவலகங்களுக்கும் பொது என்று அறிந்து எனக்குள் சிரித்துக்கொண்டேன். அரசமைப்புச் சட்டத்தை எழுதியவர் ஜேக்கப் ஷாலஸ். பென்சில்வேனியா சட்டமன்றத்தின் உதவி எழுத்தர். சனிக்கிழமை மாலை இறுதி வாசகம் முடிவாகிறது, திங்கட்கிழமை கையொப்பம். இடையில் இருந்தவை இரண்டு இரவும் ஒரு பகலும். நான்கு பெரிய தோல் ஏடுகளில் 4,000-க்கும் மேற்பட்ட சொற்களை அவர் எழுதி முடித்தார். அடித்தல் திருத்தல்களையும் ஒளிக்காமல், எந்த வரியில் எது சேர்க்கப்பட்டது என்று இறுதியில் குறித்துவைத்தார். ஊதியம் 30 டாலர். ஏட்டில் அவர் பெயர் இல்லை. ஒன்றரை நூற்றாண்டு கழிந்து, 1937-இல்தான் அவர் யாரென்று வெளிப்பட்டது. நம் நாட்டு அரசமைப்புச் சட்டத்தின் மூலப்படியைக் கையால் எழுதிய பிரேம் பிஹாரி நாராயண் ராய்ஜாதாவை நம்முள் எத்தனை பேர் அறிவோம்? ஆதலின் அன்பர்களே, அந்த அறையில் நிற்கும்போது நாற்காலியை மட்டும் நோக்காமல் மைக்கூட்டையும் நோக்குங்கள். கையொப்பங்கள் விழுந்ததாகக் கருதப்படும் வெள்ளி மைக்கூடு, மேற்புறக் கட்டடத்தில் நான் சென்றபோது காட்சியில் இருந்தது. மூல ஆவணங்கள் இன்று இருப்பது வாஷிங்டன் நகரத்து ஆவணக் காப்பகத்தில்.

மண்டபத்திற்கு எதிர்ப்புறம் சுதந்திர மணி. இதற்குக் கட்டணம் இல்லை. வரிசையில் நிற்கும் பொறுமை போதும். 1752-இல் இலண்டனில் வார்த்து அனுப்பப்பட்ட மணி, சோதித்துப் பார்த்தபோதே விரிசல் கண்டது. பாஸ், ஸ்டோ என்னும் உள்ளூர்க் கைவினைஞர் இருவர் அதனை உருக்கி மீண்டும் வார்த்தனர். இன்று நாம் காணும் பெருவிரிசல் பின்னாளில் தோன்றியது. 1846-இல் வாஷிங்டன் பிறந்த நாளுக்கு அடித்தபோது அது மேலும் நீண்டு, மணி என்றென்றைக்கும் ஊமையாயிற்று. 1776 ஜூலை 4-இல் இம்மணி முழங்கியதாகப் பலரும் நம்புவது பின்னர் எழுந்த கதையே. 'சுதந்திர மணி' என்னும் பெயரைப் பரப்பியவர்களும் அந்நாளைய தலைவர்கள் அல்லர். 1830-களில் அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்டவர்கள். நாடெங்கும் விடுதலையை அறிவிக்கச் சொல்லும் விவிலிய வாசகம் மணியின் மேல் பொறிக்கப்பட்டிருந்தது. நாடெங்கும் விடுதலை இல்லையே என்று அவர்கள் அந்த வாசகத்தையே சான்றாகக் காட்டினர்.

அவர்கள் கேட்டதன் பொருள் விளங்க நீங்கள் நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. மணி இருக்கும் கூடத்தின் வாயிலருகே, முதலிரு குடியரசுத் தலைவர்கள் 1790 முதல் 1800 வரை வாழ்ந்த மாளிகையின் மனையிடம் உள்ளது. வாஷிங்டன் அங்கு ஒன்பது அடிமைகளை வைத்திருந்தார். வெளியூரார் கொணரும் அடிமை ஆறு மாதம் தொடர்ந்து தங்கினால் விடுதலை கோரலாம் என்பது பென்சில்வேனியாவின் சட்டம். அந்த ஆறு மாதம் நிறையாதபடி அவர்களை மாநில எல்லைக்கு அப்பால் அனுப்பி மீண்டும் வரவழைத்தனர். ஓனா ஜட்ஜ் என்னும் இளம்பெண் 1796-இல் அவ்வீட்டினின்றும் தப்பி, நியூ ஹாம்ப்ஷயர் சென்று, பிடிபடாமலேயே வாழ்ந்து மறைந்தாள். 2010-இல் அவ்விடத்தில் ஒரு நினைவகம் எழுப்பப்பட்டது. மணியைக் காணும் முன் அந்த மனையில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். அதன்பின் அந்த விரிசலைக் காணும் கண் வேறாகிவிடும்.

இரண்டாம் நாளைச் சிறிய இடங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். எல்பிரத் சந்து என்னும் குறுகிய தெருவில் முப்பத்திரண்டு பழைய வீடுகள் நிற்கின்றன. கைவினைஞர்கள் வாழ்ந்த அவ்வீடுகளில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. எனவே சன்னல் வழியே எட்டிப் பார்த்தல் தகாது. பிராங்க்ளின் வாழ்ந்த வீடு 1812-இல் இடிக்கப்பட்டது. அதன் தோற்றம் சரிவரத் தெரியாததால், கற்பனையாக ஒரு வீட்டைக் கட்டாமல், 1976-இல் இரும்புச் சட்டங்களால் வெறும் கோட்டுருவை மட்டும் அங்கு நிறுத்தினர். தெரியாததைத் தெரியாதது என்றே காட்டும் அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஐந்தாம் தெருவும் ஆர்ச் தெருவும் கூடும் மூலையில் அவர் கல்லறை. சிக்கனம் போதித்த அப்பெரியவரின் கல்லின் மேல் வருவோரெல்லாம் செப்புக் காசுகளை வீசிச் செல்கின்றனர்!

உணவிற்கு ரீடிங் டெர்மினல் சந்தை உகந்தது. 1893-இல் இரயில் நிலையத்தின் கீழ் தொடங்கிய அச்சந்தையில் சைவ உணவினர் பட்டினி கிடக்க நேராது. நம் முறுக்குப் போலவே பின்னிச் சுடும் 'பிரெட்ஸல்' ரொட்டியை என் தாயார் ஐயத்துடன் வாங்கி, பிறகு இன்னொன்றும் கேட்டார். ஆமிஷ் மக்களின் கடைகள் ஞாயிறன்று திறவா. நகர மன்றக் கட்டடத்தின் உச்சியில் 37 அடி உயர வில்லியம் பென் சிலை நிற்கிறது. அதன் தொப்பிக்கு மேல் எக்கட்டடமும் எழலாகாது என்னும் எழுதாத மரபை நகரம் 1987 வரை காத்து வந்தது.

மூன்றாம் நாளைக் கலை அருங்காட்சியகத்திற்கென முழுமையாக விட்டுவிடுங்கள். வாரத்தில் சில நாள் மூடியிருக்கும், விசாரித்துச் செல்லவும். முகப்பில் உள்ள எழுபத்திரண்டு படிகளில் ஒரு திரைப்பட வீரனைப் போல இளைஞர்கள் ஓடி ஏறுகின்றனர். நாம் ஓடவேண்டியதில்லை. மேல் தளத்தில் நானூறு ஆண்டுகளுக்கும் மேல் பழைமையான ஒன்று நமக்காக நின்றுகொண்டிருக்கிறது.

அது மதுரை மண்டபம். மதன கோபாலசுவாமி கோயிலைச் சேர்ந்த, ஏறத்தாழ 1550-ஆம் ஆண்டின் கருங்கல் தூண்கள். அடலின் பெப்பர் கிப்சன் என்னும் அம்மையார் 1912-இல் மதுரைக்கு வந்தபோது, கோயில் வளாகத்தில் குவிந்து கிடந்த இக்கற்களை விலைக்கு வாங்கித் தம் ஊருக்கு அனுப்பினார். முதல் உலகப் போரின்போது பணியாற்றப் பிரான்சு சென்ற அவர் அங்கேயே மறைய, 1919-இல் குடும்பத்தார் இவற்றை அவர் நினைவாக அருங்காட்சியகத்திற்கு அளித்தனர். நார்மன் பிரவுன் என்னும் வடமொழிப் பேராசிரியர் 1930-களில் மதுரைக்கே வந்து ஆராய்ந்து, 1940-இல் நூலும் எழுதினார். 2016-இல் மண்டபம் புதிய ஒளியமைப்புடன் மீண்டும் திறக்கப்பட்டது.

என் தாயார் வடக்கு மாசி வீதியில் பிறந்து வளர்ந்தவர். கூடத்தின் வாயிலை அடைந்ததும் ஒன்றும் பேசாமல் காலணிகளைக் கழற்றி ஓரமாக வைத்தார். காவலர் பார்த்தார், தடுக்கவில்லை. கருடனையும் அனுமனையும் முனிவர்களையும் ஒவ்வொருவராக அருகில் சென்று நோக்கினார். கை தொடுவதற்கு நீண்டது. தொடலாகாது என்ற பலகையை நான் சொல்லுமுன் தாமே உணர்ந்தவர் போலக் கூப்பிக்கொண்டார்.

எனக்குச் சினம் மூண்டிருந்தது. "நம் ஊர்ச் சொத்து, இங்கு எதற்கம்மா நிற்க வேண்டும்?" என்றேன்.

"அங்கே குமிஞ்சு கிடந்துச்சுன்னு நீதானேடா படிச்சுச் சொன்னே. இங்கே நிமிர்ந்து நிக்குது" என்றார். சிறிது நேரம் கழித்து, தூணைப் பார்த்தபடியே, "ஆனா ஒரு விளக்கு இல்லையே" என்றார்.

அந்த இரண்டு வாக்கியங்களையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்தி வழக்காட நான் இன்னும் விரும்பவில்லை. இரண்டும் உண்மை. வாங்கிச் சென்றவரைக் குறை கூறுவது எளிது. குவியலாகக் கிடக்க விட்டவர்கள் நாம் என்பதை ஏற்பது அத்துணை எளிதன்று. அதேபோல், செம்மையாகக் காத்து வைத்ததாலேயே ஒரு மண்டபம் தன் வேலையைச் செய்துகொண்டிருப்பதாக ஆகிவிடாது. பாட்டும் எண்ணெய்ப் பிசுக்கும் குழந்தைகளின் ஓட்டமும் கண்ட தூண்கள் அவை. தம் நகரின் மணியில் உள்ள விரிசலை மறைக்காமல் காட்டும் மக்கள், இந்தக் கற்களின் வரலாற்றையும் மறைக்காமல் எழுதி வைத்துள்ளனர். அந்த அளவில் அவர்களுக்கு நன்றி கூறவே வேண்டும்.

அன்பர்களே, பிலடெல்பியா சென்றால் சுதந்திர மண்டபத்தை முதலிலும் மதுரை மண்டபத்தை இறுதியிலும் காணுங்கள். உடன் வரும் முதியோருக்கு அங்கு அமர நேரம் கொடுங்கள். பேரக் குழந்தைகளுக்குத் தூணில் உள்ளவர் யார் யார் என்று தமிழிலேயே சொல்லுங்கள். இன்னொன்றும் உண்டு. அடுத்த ஆண்டு விடுப்பில் மதுரை சென்றபோது, மேல மாசி வீதியில் உள்ள மதன கோபாலசுவாமி கோயிலுக்கு என் தாயார் என்னை அழைத்துச் சென்றார். எத்தனையோ முறை அவ்வழியே சென்றும் நான் உள்ளே நுழைந்திராத கோயில் அது. அங்கே அவர் இரண்டு விளக்குகள் ஏற்றினார். ஒன்று யாருக்கென்று நான் கேட்கவில்லை.