தறிக்குழியில் தள்ளாடிய பூனை

வாலாஜாபாத் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாசகி எழுதிய கேள்வி என்னிடம் வந்து சேர்ந்தது. ‘எங்கள் வீட்டுப் பூனைக்குச் சர்க்கரை நோய். இன்சுலின் போடுகிறோம். போன வாரம் திடீரென்று தள்ளாடி விழுந்தது. கொஞ்ச நேரத்தில் தானே எழுந்துவிட்டது. மறுபடி அப்படி ஆனால் வீட்டில் என்ன தயாராக வைத்திருக்க வேண்டும்? தயிர்சாதம் கொடுப்பதை நிறுத்திவிடலாமா?’

நெல்லில் குலைநோய், கத்தரியில் தண்டுத் துளைப்பான் என்று பதில் எழுதிப் பழகியவன் நான். கால்நடை மருத்துவர் இல்லை. ஆனாலும் இந்தக் கேள்விக்குப் பதில் எழுத எனக்குக் கொஞ்சம் அனுபவம் இருக்கிறது. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் என் அக்கா வீட்டில் இதே கதை நடந்தது.

பூனைக்கு இன்சுலினா என்று சிரிப்பவர்கள் இருப்பார்கள். குழித்தறி போட்ட வீட்டில் பூனை என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியாது. பட்டுப் பாவுக்குக் கஞ்சி போட்டுக் காயவைத்திருப்பார்கள். அந்த வாசனைக்கு எலி வரும். ஒரு ராத்திரி எலி கடித்தால் எத்தனை இழை அறுந்தது என்று எண்ணி முடிச்சுப் போடுவதற்குள் இரண்டு நாள் கூலி போய்விடும். நெல் மூட்டை அடுக்கியிருக்கும் நம் வீடுகளிலும் கணக்கு அதேதான். அக்கா வீட்டுப் பூனை, பெயர் கருப்பன், பத்து வருடம் அந்தத் தறியைக் காவல் காத்தவன்.

கருப்பனுக்கு நோய் வந்ததை முதலில் காட்டிக்கொடுத்தது எறும்பு. கொல்லையில் அவன் சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்த்ததை அக்கா பார்த்தாள். தண்ணீர்த் தொட்டியை விட்டு நகராமல் குடித்தான். நன்றாகச் சாப்பிட்டும் உடம்பு இளைத்தது. பின்னங்கால் பாதத்தைக் குதிகால் வரை தரையில் பதித்து, முயல் மாதிரி நடக்க ஆரம்பித்தான். சர்க்கரை கூடிப்போய் நரம்பு பாதித்தால் பூனை அப்படித்தான் நடக்கும். வயதான, எடை கூடிய, ஆண்மை நீக்கம் செய்த ஆண் பூனைகளுக்கு இந்த நோய் அதிகம் வருகிறது. சென்னை வேப்பேரியில் இருக்கிற கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு, 1903-ல் தொடங்கிய பழைய கல்லூரி அது, கூடையில் வைத்துக் கொண்டுபோனோம். ரத்தம் பார்த்தார்கள். 100 யூனிட் வகை இன்சுலின், காலை ஒரு யூனிட், மாலை ஒரு யூனிட் என்று எழுதிக்கொடுத்தார்கள். அது கருப்பனுக்கான அளவு. உங்கள் பூனைக்கு எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

சோறு குறைத்து மீன், கோழி, முட்டை கொடுக்கச் சொன்னார்கள். பூனை பிறப்பிலேயே மாமிசம் தின்கிற உயிர். தயிர்சாதத்தில் இருக்கிற மாவுச்சத்தை அதன் உடம்பு சமாளிக்கத் திணறும். ஆனால் உணவை மாற்ற மாற்ற இன்சுலின் தேவையும் குறையும், அதனால் ஒரு வாரத்தில் திரும்பக் கொண்டுவாருங்கள் என்றும் சொல்லியிருந்தார்கள்.

அந்த வாரம் வைகாசி பிரம்மோற்சவம். வரதராஜப் பெருமாள் கருட சேவை அன்று காஞ்சிபுரத்தில் ஆட்டோ எந்தத் தெருவில் போகும், எதில் போகாது என்று சொல்ல முடியாது. வீடு நிறைய விருந்தாளி. வேப்பேரிக்குப் போவது தள்ளிப்போனது. சிரிஞ்சும் தீர்ந்துபோயிருந்தது. மருந்துக்கடையில் ‘இன்சுலின் சிரிஞ்ச்’ என்று கேட்டதற்குச் சிவப்பு மூடி போட்ட சிரிஞ்சைக் கொடுத்துவிட்டார்கள். மாமா தனக்குப் போட்டுக்கொள்வதும் சிவப்பு மூடிதான், அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று படியுங்கள். நம் ஊரில் இன்சுலின் குப்பி இரண்டு வலுவில் வருகிறது. ஒன்றில் ஒரு மில்லியில் 40 யூனிட், இன்னொன்றில் 100 யூனிட். 40-க்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் ‘ஒன்று’ என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது ஒரு யூனிட் இல்லை, இரண்டரை யூனிட். பூச்சிமருந்து மூடியில் அளக்கும்போது மூடி மாறினால் பயிர் கருகுவதை நாம் பார்த்திருக்கிறோம். நான்கு கிலோ எடையுள்ள பூனையிடம் அந்தப் பிழைக்குத் தாங்குசக்தி கிடையாது. மூடியின் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். குப்பியில் அச்சிட்டிருக்கும் எண்ணும் சிரிஞ்சில் அச்சிட்டிருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒவ்வொரு புதுப் பொட்டலத்துக்கும் பாருங்கள்.

காலை ஏழு மணிக்கு ஊசி போட்டார்கள். பதினொன்றரை மணிக்கு மாமா தறியில் இருந்தபோது காலடியில் ஏதோ இடித்ததாம். குனிந்து பார்த்தால் தறிக்குழிக்குள் கருப்பன். எழுந்து நிற்கப் பார்க்கிறான், சாய்கிறான். கண் விரிந்து வெறித்த பார்வை. முகத்தில் துடிப்பு. அக்கா எனக்கு போன் செய்தாள். நான் செய்ததெல்லாம் வேப்பேரியில் கொடுத்த சீட்டின் பின்பக்கத்தில் எழுதியிருந்ததை வாசித்துக் காட்டியதுதான். குளுக்கோஸ் பவுடரைத் துளி நீரில் பாகு மாதிரி குழைத்து, உதட்டைத் தூக்கி ஈறில் தடவினாள். சில நிமிடத்தில் நாக்கைச் சுழற்றி நக்க ஆரம்பித்தான். கால் மணி நேரத்தில் தலை தூக்கினான். உடனே சாப்பாடு வைத்தாள், தின்றான். அதோடு விட்டிருந்தால் சாயங்காலத்துக்குள் மறுபடி விழுந்திருப்பான். குளுக்கோஸின் வேலை சீக்கிரம் முடிந்துவிடும், உள்ளே போன இன்சுலின் இன்னும் பல மணி நேரம் வேலை செய்துகொண்டே இருக்கும். கூட்டத்துக்கு நடுவே கூடையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தே கால்நடை மருத்துவரிடம் போனார்கள். ராத்திரி வரை அங்கேயே வைத்துக் குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

மூளைக்கு எரிபொருள் ரத்தத்தில் ஓடும் சர்க்கரைதான். அது குறைந்தால் முதலில் மூளை தடுமாறும். அதனால்தான் தள்ளாட்டம், வெறித்த பார்வை, துடிப்பு, கடைசியில் வலிப்பு, மயக்கம். 1921-ல் கனடாவின் டொரான்டோ நகரில் பான்டிங்கும் பெஸ்டும் இன்சுலினைக் கண்டுபிடித்தபோது மருந்தின் வலுவை எப்படி அளந்தார்கள் தெரியுமா? பட்டினி போட்ட முயலுக்குக் கொடுத்து, அதன் சர்க்கரை வலிப்பு வரும் அளவுக்கு இறங்க எவ்வளவு மருந்து தேவை என்று பார்த்தார்கள். ‘யூனிட்’ என்ற கணக்கு அங்கே பிறந்தது. குளுக்கோஸ் கொடுத்தால் அந்த முயல் எழுந்துகொள்ளும் என்பதும் அப்போதே தெரிந்த விஷயம்.

சரி, வீட்டில் என்ன வைத்திருப்பது? அக்கா வீட்டில் இப்போது ஒரு எவர்சில்வர் டப்பா இருக்கிறது. அதில் குளுக்கோஸ் பவுடர், ஊசி கழற்றிய 5 மில்லி சிரிஞ்ச், பழைய துண்டு, மருத்துவர் எண்ணும் தெரிந்த ஆட்டோக்காரர் எண்ணும் பெரிய எழுத்தில் எழுதிய அட்டை. (டப்பாவைத் தண்ணீர்க் கிண்ணத்துக்கு நடுவில் வையுங்கள். இல்லாவிட்டால் அவசரத்துக்குத் திறக்கும்போது எறும்புதான் இருக்கும்.) பக்கத்தில் மூடியுள்ள கூடை. குளுக்கோஸ் இல்லையென்றால் தேன், அதுவும் இல்லையென்றால் சர்க்கரைப் பாகு. சர்க்கரை நோயாளிகள் காபியில் போடும் இனிப்பு மாத்திரை இதற்கு உதவவே உதவாது, அதில் சர்க்கரை கிடையாது.

பூனை தெளிவாக இருந்து, சோர்வும் அகோரப் பசியும் மட்டும் தெரிந்தால் உடனே சாப்பாடு வையுங்கள். அந்த நேரத்தில் தயிர்சாதமானாலும் தப்பில்லை. தள்ளாட்டம் வந்துவிட்டால் பாகை ஈறில், கன்னத்தின் உள்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவ வேண்டும். தொண்டைக்குள் ஊற்றவே கூடாது. மயங்கிய பூனைக்கு ஊற்றினால் நுரையீரலுக்குள் போகும். வலிப்பு நேரத்தில் பல்லுக்கு இடையே விரலை விடாதீர்கள், கடித்துவிடும். வலிப்பு விட்டதும் தடவுங்கள். எழுந்து நடந்தாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். அவர் சொல்லும்வரை அடுத்த ஊசி கூடாது. குளுக்கோமீட்டர் இருந்தால் காது ஓரத்தில் குத்திப் பார்க்கலாம். மனிதர்களுக்கான கருவி பூனைக்குப் பெரும்பாலும் கொஞ்சம் குறைத்தே காட்டும், ஆனாலும் 60-க்குக் கீழே போனால் ஆபத்து என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அறிகுறி தெரியும்போது கருவியைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், முதலில் குளுக்கோஸ். ஒரு வேளை சர்க்கரை கூடிப்போவதால் வரும் கெடுதலைவிட, குறைந்த நிலையில் விட்டுவிடுவது பெரிய கெடுதல்.

தவறு பெரும்பாலும் வீட்டுக்குள்தான் நடக்கிறது. பூனை சாப்பிடாத அன்றும் வழக்கம் மாறக்கூடாது என்று முழு ஊசி போடுவது ஒன்று. அம்மா போட்டது தெரியாமல் மகன் மறுபடி போடுவது இன்னொன்று. அக்கா வீட்டில் தினசரி நாள்காட்டித் தாளில் ஊசி போட்டவர் கையெழுத்துப் போட வேண்டும். போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்தால் போடக்கூடாது. ஒரு வேளை தவறினால் பூனை தாங்கும், இரட்டை ஊசியைத் தாங்காது. திருவிழா, கல்யாணம் என்றால் முந்தைய நாளே மருந்து, சிரிஞ்ச், மருத்துவர் ஊரில் இருக்கிறாரா என்பதை எல்லாம் பார்த்துவிடுகிறார்கள். 2019-ல் அத்தி வரதர் தரிசனம் நடந்த ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் இந்த ஊர்த் தெருக்களைப் பார்த்தவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

அந்த டப்பா மாமாவுக்கும் ஒருமுறை பயன்பட்டது. ஐப்பசியில் முகூர்த்தப் புடவை ஒன்றை முடித்தே தீர வேண்டும் என்று காலை ஊசி போட்டுக்கொண்டு, இரண்டு இட்லியோடு தறியில் இறங்கியவர், மதியம் இரண்டு மணி வரை எழவில்லை. கோர்வை இழுத்துக்கொண்டிருந்த பையன், ‘மாமா, கரை மாறிப் போவுது’ என்று சொல்லியிருக்கிறான். பதிலுக்கு உளறல். உடம்பெல்லாம் வியர்வை. அக்கா யோசிக்கவே இல்லை, கருப்பன் டப்பாவைத் திறந்து மூன்று ஸ்பூன் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்க வைத்தாள். கால் மணி நேரத்தில் தெளிந்தார். “பூனைக்கு மருந்து வாங்குற காசுன்னு இனிமே நீ பேசாதய்யா” என்று அக்கா சொன்னதற்கு மாமாவிடம் பதில் இல்லை. விழுங்க முடியாத அளவுக்கு மனிதர் மயங்கிவிட்டால் வாயில் எதுவும் கொடுக்காமல் 108-ஐ அழையுங்கள்.

ஆடு வளர்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மழைக்கால ராத்திரியில் பிறந்து, சீம்பால் குடிக்காமல் காலையில் துவண்டு கிடக்கும் குட்டிக்கும் பெரும்பாலும் நடப்பது இதுதான், குளிரும் சர்க்கரைக் குறைவும். முதலில் உடம்பைத் துடைத்துச் சூடேற்றி, சப்பும் சக்தி வந்த பிறகு சீம்பால் கொடுங்கள். இரட்டைக் குட்டி சுமக்கும் ஆடு கடைசி மாதத்தில் தீனி எடுக்காமல் ஒதுங்கி நின்றால் அன்றே மருத்துவரை அழையுங்கள். 1962 என்ற கால்நடை அவசர எண்ணை எல்லோரும் போனில் பதிந்து வைத்திருப்பது நல்லது.

கருப்பனுக்கு அந்த விபத்துக்குப் பிறகு அளவைக் குறைத்தார்கள். உணவு முழுவதும் உப்பில்லாமல் வேகவைத்த நெத்திலியும் கோழியுமாக மாறியபின் நான்கு மாதத்தில் ஊசியே தேவைப்படவில்லை. பூனைகளில் சிலவற்றுக்கு இப்படி நோய் அடங்கிவிடுவது உண்டு. அடங்கிவரும் காலத்தில்தான் பழைய அளவே அதிகமாகிப்போகும். வாலாஜாபாத் வாசகியின் பூனைக்கும் அதுவாக இருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம். தானாக எழுந்துவிட்டது என்று விடாதீர்கள் அம்மா. இந்த வாரமே குப்பி, சிரிஞ்ச் இரண்டையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். தயிர்சாதத்தை நிறுத்துவது நல்லதுதான், ஆனால் நீங்களாக நாளைக்கே நிறுத்த வேண்டாம். ஊசியின் அளவை அவர் மாற்றிக்கொடுத்த பிறகு, அவர் சொல்கிறபடி மெதுவாக மாற்றுங்கள்.