ஆறுதலா வாங்கோ: தமிழ்நாட்டில இருந்து யாழ்ப்பாணம் வாறவைக்கு

எங்கட ஊருக்கு வாற வெள்ளைக்காரர் கையில ஒரு வழிகாட்டிப் புத்தகத்தோட வருவினம். எங்க செருப்பைக் கழட்டவேணும், எதைப் படம் எடுக்கக்கூடாது எண்டு நாலு பக்கம் வாசிச்சுப்போட்டுத்தான் வந்து இறங்குவினம். தமிழ்நாட்டு நண்பர்கள் அப்பிடி ஒண்டும் வாசிக்கிறேல்லை. "அங்கயும் தமிழ்தானே" எண்டு ஒரு தைரியம். என்னைக் கேட்டால் ஆலோசனை ஆகக்கூடத் தேவைப்படுற ஆக்கள் அவைதான்.

பலாலி 2019 ஒக்ரோபரில சர்வதேச விமான நிலையமாத் திறந்தது. கோவிட்டால நிண்டுபோன சென்னை விமானம் 2022 டிசம்பரில திரும்ப வந்தது. நாகப்பட்டினம் - காங்கேசன்துறைக் கப்பல் 2023 ஒக்ரோபரில தொடங்கி, சில நாளிலயே நிண்டு, 2024 ஓகஸ்டில திரும்ப ஓடத் தொடங்கினது. அதுக்குப் பிறகு எங்கட வீட்டுக்கு விருந்தாளிகள் வரத்துக் கூடிப்போச்சு. வாற எல்லாருக்கும் ஒரே விசயத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லி வாய் உளையுது. அதாலதான் இந்தப் பதிவு.

முதல்ல காலம். ஒக்ரோபர் தொடக்கம் டிசம்பர் வரை உங்களுக்கும் எங்களுக்கும் ஒரே வடகீழ்ப் பருவமழைதான். கடல் குழம்பினால் கப்பல் நிண்டுடும், அந்த மாதங்களில கப்பலை நம்பி வராதீங்கோ. விசா விதிகளும் அடிக்கடி மாறுது. போன வருசம் வந்துபோன நண்பர் சொன்னதை நம்பாமல், வெளிக்கிட முதல் அரசாங்கத் தளத்தில ஒருக்காப் பாருங்கோ.

அடுத்தது காசு. உங்கட ஒரு ரூபாய்க்கு எங்கட மூண்டு ரூபாய்க்கு மேல வரும். கடையில விலையைப் பார்த்து மயங்கி விழ வேண்டாம், முதல்ல மூண்டால பிரிச்சுப் பாருங்கோ. இந்திய ரூபாய்த் தாளை மீன் சந்தையில நீட்டினால் வாங்கமாட்டினம். போன் சார்ஜருக்கு ஒரு அடப்டரும் பையில போடுங்கோ. இப்ப இங்க கனக்க இடத்தில சதுரக் கால் மூண்டு உள்ள பிளக்தான்.

தேத்தண்ணிக் கடைக்குள்ள போய் இருந்தியள் எண்டால், நீங்கள் கேக்காமலே ஒரு தட்டில றோல்ஸ், கட்லட், வடை எல்லாம் அடுக்கிக் கொண்டுவந்து வைப்பினம். "நாங்க இதெல்லாம் கேக்கலையே" எண்டு பதற வேண்டாம். சாப்பிட்டதுக்கு மட்டும்தான் காசு, மிச்சம் திரும்பிப் போகும். சாப்பிடாததைக் கையால அமத்திப் பார்க்காதீங்கோ, அடுத்த மேசைக்குப் போறதும் அதே தட்டுத்தான்! பிளேன்ரீ எண்டால் பால் இல்லாத தேத்தண்ணி. ஒரு துண்டு பனங்கட்டி கடிச்சுக் கடிச்சுக் குடிச்சுப் பாருங்கோ, பிறகு உங்களுக்குச் சீனி பிடிக்காது.

சைவக்காரர் கவனம். உங்கட ஊரில 'கறி' எண்டால் இறைச்சி. இங்க கத்தரிக்காயும் கறி, பருப்பும் கறி. "எனக்குக் கறி வேண்டாம்" எண்டு சொன்னியள் எண்டால் வெறும் சோறுதான் வரும். "மரக்கறிச் சாப்பாடு" எண்டு கேளுங்கோ. தெற்குப் பக்கம் போனால் சம்பலில மாசிக் கருவாடு போடுவினம், அதையும் கேட்டுச் சாப்பிடுங்கோ.

இனித்தான் பெரிய விசயம், எங்கட கதை. சினிமாவும் சஞ்சிகையும் பார்த்து வளர்ந்ததால உங்கட தமிழ் எங்களுக்கு முழுக்க விளங்கும். எங்கட தமிழைக் கேட்டுப்போட்டு "நீங்க மலையாளமா?" எண்டு கேக்கிறது நீங்கள்தான். :-) ஓம் எண்டால் ஆமாம், தியானம் இல்லை. "விடிய வாங்கோ" எண்டால் காலமை வாங்கோ, இரவு முழுக்க வந்து நிக்கிறேல்லை. "வடிவாப் பாருங்கோ" எண்டால் கவனமாப் பாருங்கோ. முக்கியமா, நாங்கள் கதைக்கிறது. பேசுறது எண்டால் இங்க ஏசுறது. "உங்க அப்பாகிட்ட கொஞ்சம் பேசணும்" எண்டு நீங்கள் சாதாரணமாச் சொல்ல, பக்கத்தில நிக்கிற சின்னப் பிள்ளை பயந்துபோய்ப் பார்க்கும்.

ஓட்டோ ஓட்டுற தம்பியையும் நாங்கள் "நீங்கள்" எண்டுதான் சொல்லுறது. பழக்கமில்லாத ஆளை "வா, போ" எண்டால், அவர் உங்களைவிட இளமை எண்டாலும் முகம் சுருங்கிப்போகும். அண்ணை, அக்கா, தம்பி எண்டு ஒண்டைப் போட்டு "வாங்கோ, போங்கோ" எண்டால் காணும், வீடு வரைக்கும் கொண்டுவந்து விடுவினம். அதுக்காகத் தெனாலி படத்தில கமல் கதைச்ச மாதிரி எங்களுக்கே கதைச்சுக் காட்ட வேண்டாம். அது 2000ஆம் ஆண்டுப் படம், அண்டையில இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறம்!

நல்லூருக்குப் போற ஆம்பிளையள் சேட்டைக் கழட்டிப்போட்டுத்தான் உள்ள போகவேணும். நேரத்துக்கு முதல் போங்கோ. அங்க பூசை எந்தப் பெரிய மனிசருக்காகவும் ஒரு நிமிசம் பிந்தாது. அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபாய், சில்லறை வைச்சிருங்கோ. நயினாதீவுக்கு யாழ்ப்பாணத்தில இருந்து குறிகட்டுவானுக்குப் பஸ், அங்கயிருந்து படகு. பஸ்ஸில முன் இருக்கை மதகுருமாருக்கு ஒதுக்கினது, காலியா இருந்தாலும் யோசிச்சு இருங்கோ. நாகபூசணி அம்மனும் நாகவிகாரையும் ஒரே தீவிலதான். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிச் செல்பி எடுக்கக்கூடாது. 2014இல கையில புத்தர் உருவம் பச்சை குத்தியிருந்த ஒரு பிரிட்டிஷ் பெண்ணை விமான நிலையத்தில மறிச்சு, பிறகு நாட்டை விட்டே அனுப்பினவை. விளையாட்டில்லை. பௌர்ணமி நாளில நாடு முழுக்க மதுக்கடை பூட்டு, அதையும் இப்பவே சொல்லிப்போட்டன்.

ராணுவ முகாம்களைப் படம் எடுக்காதீங்கோ. ட்ரோன் பறக்க விடுறதுக்கு அனுமதி வேணும். முகமாலை மாதிரி இடங்களில கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை கண்டால் றோட்டை விட்டு ஒரு அடியும் இறங்க வேண்டாம். யுத்தம் 2009 மே மாதம் முடிஞ்சது. நிலத்துக்குள்ள இருக்கிறதுக்கு அது தெரியாது.

மனிசருக்குள்ள இருக்கிறதும் அப்பிடித்தான். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் சுத்தி வந்தனான்.

ஒரு முறை ஒரு நண்பர் குடும்பத்தோட வந்தவர். நல்ல சனம், எங்களில உண்மையான பாசம் உள்ளவை. கதிரையில வந்து இருந்து ஐஞ்சு நிமிசம் ஆகேல்லை, என்ர மாமியைப் பார்த்து, "போர்ல உங்க வீட்ல யாராவது...?" எண்டு கேட்டார். மாமி "தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ" எண்டு சொல்லிப்போட்டுக் குசினிக்குள்ள போனவதான். அவை வெளிக்கிடுமட்டும் வெளியில வரேல்லை.

அதே மாமி, இன்னொரு முறை எங்களோட தங்கின சேலத்துப் பிள்ளை ஒண்டோட மூண்டாம் நாள் பின்னேரம் முற்றத்தில இருந்து பனங்கிழங்கு உரிச்சவ. அந்தப் பிள்ளை ஒண்டும் கேக்கேல்லை. மாமி தானாத் தொடங்கினவ. 1995 ஒக்ரோபர் கடைசியில யாழ்ப்பாணச் சனம் முழுக்க ஒரே இரவில இடம்பெயர்ந்த கதை. மழை, இருட்டு, நாவற்குழிப் பாலத்தில அடி எடுத்து வைக்க இடமில்லாமல் சனம். வீட்டில கட்டியிருந்த பசுவைக் கயிறு அவிழ்த்து விட்டதோ, இல்லை அப்பிடியே விட்டிட்டு வந்ததோ எண்டு அவவுக்கு இண்டைக்கும் ஞாபகம் இல்லையாம். அதை எங்கள் ஒருத்தருக்கும் அவ அதுவரைக்கும் சொன்னதில்லை.

கேக்காதீங்கோ எண்டு நான் சொல்லேல்லை. அந்தப் பிள்ளை மாதிரி முதல்ல கொஞ்சம் இருங்கோ. எங்களுக்கு நடந்ததை எங்களுக்கே வீரவசனமாச் சொல்லிக் காட்ட வேண்டாம், அழ வைக்கவும் வேண்டாம். நூலகத்துக்குப் போங்கோ. 1981இல கிட்டத்தட்ட 97,000 புத்தகங்களோட எரிஞ்ச கட்டடம்தான். ஆனால் இப்ப அதுக்குள்ள சோதினைக்குப் படிக்கிற பிள்ளையள் இருக்கினம். அவையின்ர மேசைக்கு நடுவில நிண்டு காணொளி எடுத்துக் கண்கலங்கினால் அதுகள் எப்பிடிப் படிக்கிறது?

அதால என்ர கடைசி ஆலோசனை இதுதான். நல்லூர், கீரிமலை, நயினாதீவு, நெடுந்தீவு எண்டு பட்டியல் போட்டு இரண்டு நாளில முடிக்காதீங்கோ. நாலு நாள் வைச்சு வாங்கோ, அதில ஒரு நாளை ஒரு திட்டமும் இல்லாமல் சும்மா விடுங்கோ. ஆரும் ஒருத்தர் வீட்டு முற்றத்தில இருங்கோ. வைகாசி, ஆனியில வந்தால் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் இருக்கும், மற்ற மாதத்தில வேற ஏதாவது இருக்கும்.

உங்கட ஊரில ஆறுதல் எண்டால் துக்கத்தில சொல்லுறது. இங்க "ஆறுதலாச் சாப்பிடுங்கோ" எண்டால் அவசரப்படாமல் சாப்பிடுங்கோ எண்டு அர்த்தம். எங்களுக்கு ஆறுதல் சொல்ல எண்டு ஒருத்தரும் வர வேண்டாம். ஆறுதலா வாங்கோ, அது காணும்.